முன்னால் போனவன்

சாலையின் குறுக்கே ஒரு இரும்புக் குழாய். அதன் நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேல ரோடே இல்ல சார். மழையில சரிஞ்சு போச்சு. அங்க என்ன வேலை உங்களுக்கு?"

"அந்தச் சரிவைத்தான் பார்க்கணும்."

என் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். "பைக் வாங்குற காசுல சைக்கிளை வாங்கி, அதையும் மேட்டுல போய் மிதிக்கிறீங்க. என்ன பாவம் பண்ணீங்களோ." சொல்லிக்கொண்டே குழாயைத் தூக்கினார். "சரிவு வந்ததும் திரும்பிடணும். எட்டிப் பார்க்குற வேலை வேணாம்."

என் மச்சினன் போனது அங்கேதான். மழைக்காலத்தில் தனியாக ஏறியவன், மலை சரிந்தபோது சாலையோடு சேர்ந்து போய்விட்டான். சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அன்று முதல் என் மனைவி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. தம்பி வந்தால் காத்து நிற்கக் கூடாதாம்.

காலையில் நான் கிளம்பும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. அவன் இல்லேன்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொன்னா நான் விட்டுடறேன்."

அவ்வளவுதான் என் வேலை. பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு அழுகைகூட வருவதில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்திருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

ஏறத் தொடங்கினேன்.

ஆள் புழங்காத சாலை சீக்கிரமே காடாகிவிடுகிறது. தாரின் மேல் பாசி. நடுக்கோட்டின் மேல் அழுகிய இலைகள். ஈர மண் வாசனையோடு, நாள்பட்ட துணி வாசனை போல் ஒன்றும் கலந்து வந்தது. வளைவுக்கு வளைவு மூடுபனி கெட்டியானது. என் மூச்சும் சங்கிலியின் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு, இன்னொரு சங்கிலி.

எனக்குப் பின்னால், என் சக்கரத்தை ஒட்டி.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு குழி வந்தது. பழக்கதோஷத்தில் கையைத் தாழ்த்திக் காட்டினேன். பின்னால் வந்த சத்தம் ஒதுங்கி, குழியைச் சுற்றி, மறுபடி என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இருவராக ஏறும்போது அதுதான் வழக்கம். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவன் அவன் நிழலில் நோகாமல் வருவான். முன்னவன் முதுகைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. அதனால் கல்லையும் குழியையும் முன்னவன்தான் கையால் காட்ட வேண்டும். களைத்துவிட்டால் முழங்கையை வெளியே ஆட்டுவான். 'இனி நீ முன்னால் போ' என்று அர்த்தம்.

மச்சினன் இதில் ரொம்பக் கறார். ஒரு சோடா மூடி கிடந்தாலும் கை காட்டுவான். "ஏன்டா, போக்குவரத்து போலீஸ் மாதிரி கையை ஆட்டிக்கிட்டே வர்றே?" என்று கேட்டால், "நீங்க விழுந்தா அக்காவுக்கு யாரு மாமா பதில் சொல்றது?" என்பான்.

செங்குத்தான ஏற்றத்தில் காற்று முகத்தில் அறைந்தது. தொடைகள் கனத்தன. நான் யோசிக்கவே இல்லை.

முழங்கையை ஆட்டிவிட்டேன்.

சங்கிலிச் சத்தம் பக்கவாட்டில் விலகியது. மெல்ல என் தோளைத் தாண்டி முன்னால் போனது.

காற்று நின்றது.

பனிக்குள் ஒரு முதுகு. நனைந்த மஞ்சள் மழைச்சட்டை. சேறு வழிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி அந்த முதுகுக்குப் பின்னால் கிடைத்தது. மிதிக்கிறேன் என்றே தெரியவில்லை. எவ்வளவு தூரம் போனோம் என்றும் தெரியாது.

திடீரென்று முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. பற்கள் இடித்து நாக்கு கடிபட்டது. வாயில் ரத்தம்.

இவ்வளவு பெரிய பள்ளம்.

முன்னால் போகிறவன் கை காட்டவில்லை.

என் மச்சினன் காட்டாமல் போக மாட்டான்.

இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் பாசியில் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. டயருக்கு முன்னால் ஒரு சாண் தார். அதற்கப்பால் சாலை இல்லை. வெறும் பனி.

சாலை இல்லாத இடத்தில் சங்கிலிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஏன் நின்னுட்டீங்க?" மெல்லிய குரல். "வாங்க."

மாமா என்று கூப்பிடவில்லை.

சைக்கிளைத் திருப்பினேன். இறக்கம் முழுவதும் என் முன்னாலும் பின்னாலும் ஒரு சத்தமும் இல்லை. யாரும் என்னைக் கடக்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவன் இல்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம்.

வாட்ச்மேன் குழாயைத் தூக்கினார். "உங்க ஆளு அப்பவே இறங்கிட்டாரே. கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல."

"நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்ப அந்த மஞ்சச் சட்டை யாரு? உடம்பெல்லாம் சேறு சார்."

கைபேசியை எடுத்தேன். விரல்கள் மரத்திருந்தன. மனைவியின் எண்ணை அழுத்தியதும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கதவைப் பூட்டு," என்றேன். "யாரு வந்தாலும் திறக்காதே."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் ரகசியமாக. அவள் குரலில் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. "இப்பத்தான் கண்ணை மூடினான். நீங்க இனிமே எதுவும் சொல்ல வேணாங்க. தம்பி வந்துட்டான்."

கைபேசியைக் காதோடு வைத்தபடியே சைக்கிளில் ஏறினேன்.

"நீங்கதான் அவனை முன்னால போகச் சொன்னீங்களாமே?"