கதவுக்கு வெளியே எட்டு ஜோடி

எங்கள் வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். "கொஞ்சம் வாயை மூடு" என்று கேட்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. ஆனால் அந்த வாய்தான் ஒரு நாள் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

நாங்கள் ஒரு பெரிய கப்பலில் ஐந்து நாள் சுற்றுலா போயிருந்தோம். என் மாமாவுக்கு அந்தக் கப்பலில் கேக் செய்யும் வேலை. ஊழியர்களின் குடும்பத்துக்கு ஒரு முறை இடம் தருவார்களாம்.

மூன்றாம் நாள் காலை, கதவுக்கு அடியில் ஓர் அட்டை கிடந்தது. 'இன்று மாலை விருந்துக்கு எல்லோரும் விழா உடையில் வர வேண்டும். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பட்டோ நீளக் கவுனோ அணியலாம். வெறுங்காலுடன் வந்தால் அனுமதி இல்லை.'

இந்த விருந்துக்காகத்தான் அம்மா ஒரு மாதமாகக் காத்திருந்தாள். மாமா போனிலேயே சொல்லியிருந்தார்: "அக்கா, அன்னைக்குத்தான் சமையல்காரங்க எல்லாரும் கேக்கைத் தூக்கிட்டு ஹாலுக்குள்ள ஊர்வலமா வருவோம். சரியா ஏழரைக்கு. நான்தான் முதல் ஆளு. நீ அங்க இருக்கணும், ஆமா!"

மாமா சின்ன வயதில் செய்த முதல் கேக் ஓடு மாதிரி இருந்ததாம். அதை ஒரு துண்டு விடாமல் தின்றது அம்மா ஒருத்திதான்.

ஆறு மணிக்கே அம்மா நீலப் பட்டில் தயாராகிவிட்டாள். அப்பாதான் டையோடு மல்லுக்கட்டினார். அவர் பஸ் ஓட்டுநர். எவ்வளவு பெரிய பஸ்ஸையும் சந்துக்குள் திருப்பிவிடுவார். டையைத் திருப்பத்தான் வரவில்லை.

"கழுத்தை நெரிக்குதே!"

"பேசாம நில்லுங்க. இல்லேன்னா நானே நெரிச்சிடுவேன்" என்றாள் அம்மா.

ஒருவழியாக ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். வெளியே ஒரு செருப்புகூட இல்லை.

வீட்டில் போலவே இங்கேயும் செருப்பைக் கதவுக்கு வெளியேதான் விட்டிருந்தோம். ஷூ, ரப்பர் செருப்பு என்று ஆளுக்கு இரண்டாக எட்டு ஜோடி! இரண்டு நாளாக யாரும் தொடவில்லை. இன்று பார்த்து மொத்தமும் மாயம்.

"திருடன் எங்க ஓடுவான்? கடல்லயா?" என்றான் தம்பி.

அப்பா வரவேற்பறைக்குப் போன் செய்தார். விடாமல் பிஸி. அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் முதல் ஆளா வந்து என்னைத் தேடுவானே..." என்றபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"இதோ வர்றேன்" என்று வெறுங்காலோடு வெளியே ஓடினேன்.

இரண்டு கதவு தள்ளி, வாசலில் எச்சில் தட்டுகள் இருந்தன. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கதவைத் தட்டாமலேயே அவற்றை எடுத்து வண்டியில் வைத்தார்.

"அண்ணே, கேக்காம எடுக்கலாமா?"

"வெளிய வச்சாலே எடுத்துக்கிட்டுப் போங்கன்னுதானே அர்த்தம், பாப்பா?"

எனக்குச் சுரீர் என்றது. "அப்போ செருப்பை வச்சா?"

"இன்னைக்கு விருந்தாச்சே! பாலிஷ் போட எடுத்துட்டுப் போவாங்க. கீழ்த்தளத்துல, படிக்கட்டுப் பக்கத்துல."

படிகளைத் தாவி இறங்கினேன். அந்த அறையில் மலை போல ஷூ குவிந்திருந்தது. நடுவில் பாலிஷ்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரூம் நம்பர் சீட்டை எல்லாம் ஷூ மேல வச்சிருந்தேன். ஃபேன் காத்துல பறந்து கலந்துபோச்சு பாப்பா. எது யாரோடதுன்னே தெரியல. ஊரே என்னைத் திட்டப்போகுது!"

எங்கள் எட்டு ஜோடியும் மூலையில் பளபளத்தன. பாவம், அப்பாவின் ரப்பர் செருப்புக்கும் பாலிஷ் போட்டிருந்தார்!

எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. மேலே எத்தனை பேர் எங்களைப் போலவே விழிக்கிறார்களோ?

"அண்ணே, எல்லாத்தையும் அதோ அந்தத் தள்ளுவண்டியில அடுக்குங்க. லிஃப்ட்ல ஏத்தி அறை அறையாத் தள்ளிட்டுப் போவோம். அவங்க ஷூ அவங்களுக்குத் தெரியாதா? கத்துறது என் வேலை."

நடைபாதைக்கு வந்ததும் முழுத் தொண்டையில் ஆரம்பித்தேன். "ஷூ வந்தாச்சு! பாலிஷ் போட்ட ஷூ! ஓடி வாங்க!"

படபடவென்று கதவுகள் திறந்தன. கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள் வெறும் சாக்ஸோடு ஓடி வந்தார்கள். "அட, நீங்களுமா?" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். வண்டி காலியானது. எங்கள் அப்பா ஷூவைக் கையில் வாங்கியதும், பாலிஷ்காரர் என்னைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"இந்த வாயை மட்டும் மூடிடாதே தாயி!"

அப்பா தம்பியைத் தூக்கிக்கொள்ள, அம்மா புடவையைத் தூக்கிப் பிடிக்க, ஒரே ஓட்டம். நாங்கள் உள்ளே நுழையவும் ஹாலில் விளக்கு மங்கவும் சரியாக இருந்தது.

உயரமான வெள்ளைத் தொப்பியில் மாமா முதலில் வந்தார். கையில் மூன்றடுக்குக் கேக். அவர் கண் மேசை மேசையாகத் தேடியது.

"டேய்! இங்கடா!" என்று அம்மா எழுந்து நின்று கத்தினாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமா சிரித்த சிரிப்பில் கேக் ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

மறுநாள் காலை மாமா எங்கள் அறைக்கு வந்தார். கதவைத் திறந்தால், சாக்ஸோடு நிற்கிறார். ஷூவை வெளியே அழகாகக் கழற்றி வைத்திருந்தார்.

"மாமா! இந்தக் கப்பல்லயே வேலை பாக்குறீங்க, உங்களுக்குமா தெரியாது?" என்றேன்.

மாமா தலையைச் சொறிந்தார். "அக்கா வீடுன்னு நினைச்சுட்டேன்."

அம்மா குனிந்து, அந்த ஷூவை எடுத்து உள்ளே வைத்தாள்.