ஊதினால் திறக்கும் கதவு

கதவோரப் பெட்டிக்குள்ளிருந்து வந்த ‘டிக்’ சத்தம் அன்புமொழிக்குப் பிடிக்கவில்லை. பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. மறுபடி டிக். புதுக்கோட்டை ஆபீஸில் அவளே வரைந்த சர்க்யூட் போர்டு அது. கரண்ட்டைக் குறைத்துக் கதவுப் பூட்டுக்குக் கொடுக்க வேண்டிய சிப், எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டே இருந்தது.

மணமேல்குடியில் மீன் வைக்கும் குளிர் அறை. போர்டைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம். “ஜும்மாவுக்குப் போயிட்டு வாரோம்மா. கதவச் சாத்திக்கிட்டுப் பாருங்க, குளிர் போயிரும்” என்று முதலாளி ஜைனுதீன் ஆட்களோடு கிளம்பிவிட்டார். அவளும் சமத்தாகச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து திறக்க இருப்பது ஒரே பட்டன். அழுத்தினாள். கதவு அசையவில்லை. தட்டினாள், கத்தினாள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

போன வாரம், இங்கே மீன் பெட்டி தூக்கும் நாகராசு போன் செய்திருந்தான். “பட்டன் எடுக்க மாட்டேங்குதுக்கா. போர்டுல இருக்க அந்தக் குட்டி டப்பாவ வாயால ஊதுனாத்தான் கதவு தொறக்குது.” அவள் சிரித்துவிட்டாள். அவள் ஆபீஸில் எல்லோரும் கத்திரி வெயில் ஊர்க்காரர்கள். எழுபது டிகிரிச் சூட்டில் போர்டை வாட்டி எடுத்துத்தான் பாஸ் போட்டார்கள். குளிரில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் சொன்ன குட்டி டப்பா, சிப்புக்குத் துணையாக வைத்த கெப்பாசிட்டர். குளிரில் செத்துக் கிடக்கிறது; மூச்சுச் சூடு பட்டால்தான் உயிர் வரும். நாகராசுவையும் நாலஞ்சு நாளாகக் காணோம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று ஜைனுதீன் காலையில்தான் அலுத்துக்கொண்டார்.

மீன் கவிச்சி தொண்டையில் ஒட்ட, முதுகுக்குப் பின்னால் கூரைவரை அடுக்கிய பெட்டிகளின் நிழல் விளக்கு மினுக்கும்போதெல்லாம் ஒரு அடி முன்னால் வந்து நிற்பதுபோல் தோன்ற, மரத்துப்போன விரல்களால் மூடியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் மேல் வாயை வைத்து ஊதினாள். டிக். இன்னும் ஊதினாள். அதில் படிந்திருந்த பனி உருகிச் சொட்டியது. பச்சை விளக்கு நின்று எரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாகராசு, நீ சொன்னது சரிதான்டா. பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

விளக்கு அணைந்தது.

கெப்பாசிட்டரின் தலையில் மறுபடி பனி. ஊதினாள். உருகியது. கண்ணெதிரே திரும்பப் பூத்தது. காதோரம் சில்லென்றது. குளிர்காற்று விடும் மின்விசிறி அந்தப் பக்கம் இல்லை.

“யாரு?”

“ஊதுங்கக்கா.” தோளுக்கு மேலே, போனில் கேட்ட அதே குரல், ஆசையாக. “நானும் ஊதுறேன். தொறந்துரும்.”

அவள் திரும்பவில்லை. உதட்டை இறுக மூடினாள். மூச்சை அடக்கினாள்.

அவள் தோளுக்கு மேலிருந்து சில்லென்ற வெண்புகை, விட்டு விட்டு, போர்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது.