விலக்குப் பெற்ற கைகள்

நோவேந்தியை மாட்டிக்கொண்டால் நோயாளியின் வலி, பிடித்துவிடுபவரின் விரல்களுக்கு வந்துவிடும். எந்தத் தசையில், எவ்வளவு ஆழத்தில் என்று தேடவே வேண்டாம். அந்த மெல்லிய கையுறை வந்தபின் தூத்துக்குடி மருந்துக் கடைகளில் வலி மாத்திரையைக் கேட்பாரே இல்லை. ஆனால் வாங்கிய வலியில் கொஞ்சம் விரலிலேயே தங்கிவிடும். அதனால்தான் உரிமம் கட்டாயமானது. ஓராண்டுப் பயிற்சி வேண்டும். நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தொடக் கூடாது.

பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, நேர வரம்பும் இல்லை. பாசத்துக்கு எதற்கு உரிமம் என்று நினைத்து அந்தப் பிரிவை எழுதியவர் நல்லபெருமாள். இப்போது உரிம அலுவலகத்தின் தலைவர்.

அவர் முன்னால் ஜெபகனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதினேழு வயது மகள் ஷெரின். இரண்டு வருடங்களுக்கு முன் பேருந்து கவிழ்ந்ததில் ஷெரினின் முதுகு நொறுங்கியது. ஜெபகனி தினமும் ஐந்து மணி நேரம் பிடித்துவிட்டாள். மகள் எழுந்து நடந்துவிட்டாள். தாயின் பத்து விரல்களும் விறைத்துப்போய், ஓயாமல் எரிந்தன.

"விலக்குப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்திருங்க சார். இவளுக்கு இன்னும் முதுகு லேசா வலிக்கு. வலிக்குன்னு சொன்னா என்னால சும்மா இருக்க முடியல. சட்டம் கூடாதுன்னு சொல்லிட்டா இருந்துருவேன்."

"நீங்க தாயாச்சேம்மா. அதை நான் எப்படி ரத்து பண்ண?"

ஷெரின் மெதுவாகக் கேட்டாள். "பிள்ளைங்களுக்கும் விலக்கு உண்டா சார்?"

நல்லபெருமாள் ஜெபகனியின் விரல்களைப் பார்த்தார்.

"இல்லம்மா. கிடையாது."

முப்பது வருடப் பணியில் அவர் சட்டத்தை மாற்றிச் சொன்னது அதுதான் முதல் முறை.

"உங்க மனுவை மேலிடத்துக்கு அனுப்புதேன். அம்மாவுக்குப் பதிலா நீ கையெழுத்துப் போடும்மா" என்று பேனாவை ஷெரினிடம் நீட்டினார்.

பேனா நழுவியது. எடுத்தாள். மறுபடியும் நழுவியது.

"ஏட்டி, கையைக் காட்டு" என்றாள் ஜெபகனி.

மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"நீங்க தூக்கத்துல முனங்குறதைக் கேக்க முடியலம்மா. நீங்க அசந்த பிறகு கொஞ்ச நேரம்தான் நோவேந்தியைப் போட்டு உங்க கையைப் பிடிச்சேன்."

ஜெபகனி அழவில்லை. நிமிர்ந்து நல்லபெருமாளைப் பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்க ஒரு வரி எழுதுங்க சார்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். முதல் சொல்லே வரவில்லை.