சிந்தியது அவள் ரத்தம்!

போட்டோவில் டாக்டர் மல்லாக்கக் கிடந்தார்.

கண்கள் திறந்திருந்தன. நெற்றி உடைந்திருந்தது. பக்கத்தில் அலமாரிக் கண்ணாடி சுக்கல் சுக்கலாக...

"நல்லா பாரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் பார்த்தாள். முந்தாநாள் சாயங்காலம் இதே டாக்டரின் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவள் அவள்.

"கொன்ன ஆளோட கையைக் கண்ணாடி கிழிச்சிருக்கு. ஒரு துண்டுல ரத்தம். காலையில லேப் ரிசல்ட் வந்துது. ஆம்பளை ரத்தம் இல்லையாம்... பொம்பளை ரத்தம்! நேத்து நீ குடுத்தே பாரு, அதோட அச்சா ஒத்துப்போகுது!"

"என்ன சார் உளர்றீங்க!"

பயத்தில் மரியாதை காற்றில் பறந்துவிட்டது.

"உளர்றது நான் இல்லம்மா. டி.என்.ஏ.!"

"எனக்குக் காயமே படலையே சார்!"

"கையை நீட்டு."

நீட்டினாள்.

கட்டை விரலில் ஒரு வெட்டு! இன்ஸ்பெக்டரின் முகம் லாட்டரி விழுந்தவர் முகமாயிற்று.

"இது?"

"பல் கடிச்சுது சார்."

"யாரோட பல்?"

"நான் செஞ்ச பல்..."

அவள் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, நாளெல்லாம் மெஷினில் பல்லை ராவிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் கை நழுவினால் விரலைப் பதம் பார்த்துவிடும். உண்மைதான். ஆனால் சொல்லும்போது அவளுக்கே நம்பும்படியாக இல்லை!

"டாக்டரை எதுக்குப் பார்த்தே?"

"கிட்னி விஷயமா சார். அண்ணனுக்கு ரெண்டும் போச்சு. என்னோடதுல ஒண்ணைக் கேக்கறாங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்."

"அவர் கிட்னி டாக்டர் இல்லையே? குழந்தை இல்லாதவங்களுக்குக் கரு வைக்கிறவராச்சே!"

அவள் தயங்கினாள். சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னாள்.

அண்ணன் பரம்பரை ரத்த நோயோடு பிறந்தவன். அவன் பிழைக்க, அவனுக்குப் பொருந்துகிற எலும்பு மஜ்ஜை வேண்டியிருந்தது. டாக்டர் லேபில் கருக்களை உண்டாக்கினார். ஒவ்வொன்றாகச் சோதித்தார். நோயும் இல்லாமல், அண்ணனுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றைப் பொறுக்கி எடுத்து அம்மாவின் வயிற்றில் வைத்தார்.

அதுதான் இவள்!

மூன்று வயதில் மஜ்ஜை எடுக்க இவள் இடுப்பெலும்பில் ஊசி. அண்ணன் பிழைத்துக்கொண்டான். இவளும் வளர்ந்தாள், வண்டிக்குப் பின்னால் மாட்டிய ஸ்டெப்னி மாதிரி.

"அப்ப என்னை யாரும் கேக்கலை சார். இந்தத் தடவையாவது யாராவது ஒரு வார்த்தை கேப்பாங்களான்னுதான் அவர்கிட்ட போனேன்."

"என்ன சொன்னார்?"

"முடியாதுன்னு சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கும்மான்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டார்."

"உன்னை இப்படிப் பொறக்க வச்ச ஆளு! ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துது... அடிச்சே!"

"ஐயோ, இல்லை சார்! நல்லா இருட்டின பிறகுதானே கொலை நடந்திருக்கு? நான் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துட்டேன். எங்க அம்மாவைக் கேளுங்க!"

அம்மா வந்தாள். கூடவே அண்ணனும் வந்தான். வீங்கின முகம். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

"உங்க பொண்ணு முந்தாநாள் எப்ப வீட்டுக்கு வந்தாங்கம்மா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ராத்திரி... ரொம்ப லேட்டா."

"அம்மா!"

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அன்றைக்கு அம்மா பரிமாறித்தானே சாப்பிட்டாள்! பெற்றவளே இப்படிச் சொல்வாளா? பெண் கான்ஸ்டபிள் அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அம்மா எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? யாருக்காக?

அந்த வீட்டில் அம்மா எது செய்தாலும் ஒரே ஒருத்தனுக்காகத்தானே!

சுரீர் என்று உறைத்தது அவளுக்கு.

"சார்! அண்ணனை டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணாம விடுவேனா? ஊசின்னா பயம்னு தலைமுடியைக் குடுத்தார். ஒத்துப்போகலை."

"பயமா? வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்ல ஊசி குத்திக்கிறவனுக்கா? ரத்தம் எடுங்க சார்!"

அண்ணன் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"முடி அவனோடது சார்... ரத்தம் என்னோடது! என் மஜ்ஜைதான் இத்தனை வருஷமா அவன் உடம்புல ரத்தம் ஊற வைக்குது. அவன் கையை அறுத்தாலும் என் டி.என்.ஏ.தான் கொட்டும்!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து அவன் கையைப் பாக்கெட்டிலிருந்து பிடுங்கினார்.

உள்ளங்கையில் கட்டு!

"ஆமா, நான்தான்!" அண்ணன் வெடித்தான். "இவ பின்னாடியே போய்க் கதவுக்கு வெளிய நின்னேன். முடியாதுன்னு சொல்லலாம்னு அந்தாளு சொல்லிக் குடுக்கறான்! அதுக்கு மேல கேக்கப் பிடிக்கலை, வந்துட்டேன். மனசு ஆறலை. இருட்டினதும் திரும்பப் போனேன். என்னமோ சொல்ல வந்தான். வாயைத் திறக்கவே விடலை... என் உயிரு சார்!"

அம்மா மகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தக் கையோட வந்து நின்னான்டி... உன் ஒடம்பு தாங்கும். அவன் ஜெயில்ல ஒரு வாரம் தாங்குவானா?"

அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அம்மா கணக்கில் அவள் மஜ்ஜைதான், மகள் இல்லை.

"டாக்டர் என்ன சொல்ல வந்தார்னு தெரியுமாண்ணா?"

"என்ன?"

"நான் சரின்னு சொன்னதை! உரிமை இருக்குன்னு ஒருத்தராவது சொன்னாரே, அதுவே எனக்குப் போதும்னு இருந்துது. குடுக்கறேன் டாக்டர், நீங்களே என் அண்ணன்கிட்ட சொல்லிடுங்கன்னுட்டு வந்தேன்."

அண்ணன் சுவரோடு சுவராகச் சரிந்தான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா... இப்பவும் அவருக்குக் கிட்னி குடுப்பியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரத்தம் குடுத்ததுக்கே கொலைக் கேஸ்... கிட்னியையும் குடுத்தேன்னா, ஜட்ஜ் தண்டனையில எனக்கும் பங்கு பிரிச்சுக் குடுத்துடுவார் சார்!"