பாட்டுக்குள் ஒரு மூச்சு

பாடகி மூச்சு வாங்கும் இடங்கள் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது அடி முடிந்ததும் ஒன்று, மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் சின்னதாக இன்னொன்று. பதினோரு வருடங்களாக, பத்திரிகையில் எழுத எந்த ஹெட்ஃபோன் மதிப்பீட்டுக்கு வந்தாலும் அவள் முதலில் போட்டுக் கேட்பது இந்தப் பாட்டைத்தான். அவளே பதிவு செய்தது. இன்று மதியம், மேல் ஸ்தாயிக்கு முன் பாடகி மூச்சை இழுத்தபோது, யாரோ மெதுவாக மூச்சை விட்டார்கள்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். இருந்தது. இடது பக்கம், தூரத்தில், சுவரை ஒட்டினாற்போல். அன்று அந்த ஒலிப்பதிவு அறைக்குள் பாடகியைத் தவிர ஒருவரும் இல்லை. கதவை வெளியிலிருந்து சாத்தியதே இவள்தான்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணைப் பறிக்கும் பொருள். மங்கிய செம்பு நிறம், காதைப் பொத்தும் மெத்தையில் மிருதுவான கறுப்புத் தோல். மோந்து பார்த்தால் மட்டும் புதுத் தோலின் வாடைக்கு அடியில் வேறொன்று, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல. தோற்றத்துக்குப் பத்துக்கு ஒன்பது என்று காலையிலேயே எழுதிவிட்டிருந்தாள்.

பத்திரிகை ஆசிரியருக்கு போன் செய்தாள்.

“சார், இந்த செட்ல ஒரு சத்தம் கூடுதலா கேக்குது. என் ரெக்கார்டிங்ல இல்லாத சத்தம்.”

“இவ்வளவு நாள் கேக்காததெல்லாம் கேக்குதுன்னா அதுதானேம்மா நல்ல ஹெட்ஃபோன்? அதையே முதல் வரியா வச்சிடுங்க. கட்டுரை ஆறு மணிக்குள்ள வந்துடுமில்ல?”

“வந்துடும் சார்.”

பழைய ஹெட்ஃபோனை மாட்டி அதே இடத்தைக் கேட்டாள். சுத்தம். புதியதை மாட்டினாள். மூச்சு. அப்படியானால் பழையது இத்தனை வருடம் எதை மறைத்துக்கொண்டிருந்தது?

வேலை என்று வந்துவிட்டால் அவள் பாதியில் விடுகிறவள் அல்ல. கணினியில் இருந்த பழைய பதிவுகளை வருட வரிசையில் திறந்தாள். ஏழு வருடத்துக்கு முன், மாடியில் தனியாக நின்று பதிவு செய்த மழை. ஓட்டுக் கூரையில் அது கொட்டும் இரைச்சலுக்குள், கிணற்றடி ஈரம்போல் கனத்து, சீராக அந்த மூச்சு. இப்போது நாலடி தூரம். மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் மகள் சொன்ன கதை. குழந்தை சிரிக்கும் இடைவெளியில் அது, கை நீட்டினால் தொடும் தூரம். கடைசியாக, அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து இன்று விடியற்காலையில் கணவன் அனுப்பிய குரல் செய்தி.

“கெளம்பிட்டேன். சாவிய எடுத்துட்டு வரல, தூங்கிடாத.”

அவன் சொல்லி முடித்ததும் உதடு பிரியும் சின்ன ஈரச் சத்தம். பிறகு மூச்சு. அவன் காதை ஒட்டினாற்போல்.

படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்தாள். வெயில் வராமல் திரை இழுத்துவிட்ட அரையிருட்டில், பனியனில் அச்சு மையின் கறையோடு அவன் மல்லாந்து படுத்திருந்தான். எழுப்பி என்ன சொல்வது? படுத்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. சிரிப்பான். முதலில் கோளாறு ஹெட்ஃபோனிலா இல்லையா என்று தெரியட்டும். பழைய பதிவு வேண்டாம்; இந்த நிமிடத்து ஒலியை நேரடியாகக் கேட்டால் தெரிந்துவிடும். அவன் தலைமாட்டில் மைக்கை வைத்தாள். தன் மூச்சும் அதில் கலக்கக் கூடாது என்று, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டு, கதவைச் சாத்தி, ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள்.

ஹெட்ஃபோனை மாட்டினாள்.

மின்விசிறி. தலையணை உறை உராயும் சத்தம். அவன் மூச்சு, பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட, முடிவில் லேசாக விசிலடிக்கும் மூச்சு. அது ஓயும் இடத்தில் மற்றது தொடங்கியது. அது ஓய்ந்ததும் இவனுடையது. ஒன்று மாற்றி ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் நெருங்கி வந்தன. ஒன்றாக இழுத்தன. ஒன்றாக விட்டன.

பிறகு விசில் நின்றது.

காத்திருந்தாள். ஒரு மூச்சு மட்டும். கனமான மூச்சு. மூன்று முறை. நான்கு.

அதுவும் நின்றது.

எழுந்தாள். ஹெட்ஃபோன் கழுத்துக்கு நழுவியது. ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்தபடியே கதவைத் தள்ளினாள்.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கதவைப் பார்த்தபடி. மைக் அவன் கையில்.

“இது எதுக்கு இங்க?”

“டெஸ்ட்... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன. குடு, நானும் கேக்கறேன்.”

கட்டிலருகே வந்த அவள் கழுத்திலிருந்து ஹெட்ஃபோனை அவனே எடுத்தான். விரல் பட்ட இடம் ஜில்லென்றது. மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“எவ்வளவு தெளிவா இருக்கு.”

“என்ன கேக்குது?”

“உன் மூச்சு.”

“அப்புறம்?”

“வேற ஒண்ணும் இல்ல. உன்னோடது மட்டும்தான்.”

அவன் பனியனைப் பார்த்தாள். மார்பில் அந்த மைக்கறை. அது ஏறவில்லை. இறங்கவில்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். இருபது. நாற்பது. அறுபது. ஏறவில்லை.

தானும் மூச்சைப் பிடித்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அவன் முகம் சற்றே வாடியது. எழுந்து நின்றான். மைக்கை அவள் உதட்டருகே பிடித்தான்.

“பாதியில நிறுத்தாத,” என்றான்.

நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அவளால் தாங்க முடியவில்லை. விட்டாள். இழுத்தாள். விட்டாள்.

அவன் கண்களை மூடிக்கொண்டான். பிடித்த பாட்டைக் கேட்கிறவன்போல, அந்தத் தாளத்துக்கு மெல்லத் தலையாட்டத் தொடங்கினான்.