பச்சை ஜாக்கெட் போட்ட சாட்சி

அவன் கண்களை முதன்முதலில் பார்த்தபோது ட்ரூடிக்குக் காதல் வரவில்லை. 'இவன் எதையோ மறைக்கிறான்' என்றுதான் தோன்றியது.

சாம்பலும் நீலமும் கலந்த கண்கள்... ஏரிக்கு மேல் மழை இறங்கச் சற்று முன்னால் வானம் ஒரு நிறம் காட்டுமே, அந்த நிறம். இமைக்காமல் அவளையே பார்த்தன. நல்லவன் எவனாவது இப்படிப் பார்ப்பானா?

சந்தேகம் அவள் குணம் அல்ல, படிப்பு. மில்வாக்கி தொழிற்கல்லூரியில் பாராலீகல் வகுப்பு முடித்து, வக்கீல் பிரெண்டர்காஸ்ட் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பாராலீகல் என்றால் வக்கீலும் அல்ல, குமாஸ்தாவும் அல்ல. வக்கீல் நீதிமன்றத்தில் கம்பீரமாக முழங்கும் விஷயத்தை அதற்கு முன்பே தெருத்தெருவாக அலைந்து விசாரித்து வருபவர். பிரெண்டர்காஸ்டின் முகம் ஊரிலுள்ள பேருந்து நிறுத்த பெஞ்சுகளில் எல்லாம் அச்சாகியிருக்கிறது, 'நீதியின் பக்கம் நான்' என்ற வாசகத்தோடு. ஜனங்கள் தினமும் அதன்மேல்தான் உட்காருகிறார்கள்.

"உண்மை ஒரு பறவை, மிஸ் ட்ரூடி. பிடிச்சுட்டு வாங்க," என்று வெள்ளிக்கிழமை அவர் கையை விரித்துச் சொல்லியிருந்தார். கூண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அலுவலக மேலாளர் அம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள்: "கையெழுத்தோட வாக்குமூலம் வந்தா உன் வேலை நிரந்தரம். வரலைன்னா திங்கக்கிழமை மேஜையைக் காலி பண்ணு, கண்ணு."

வழக்கு சின்னதுதான். போன மாதம் காலை ஒன்பது மணிக்கு ஒரு மளிகைக் கடை வாசலில் உறைபனியில் வழுக்கி, ஹில்டா என்ற பியானோ ஆசிரியை இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதற்கு முன்பே பனியை உருக்க உப்புத் தூவிவிட்டோம் என்பது கடைக்காரர்களின் கட்சி. இல்லவே இல்லை என்பது ஹில்டாவின் கட்சி. பார்த்த ஒரே சாட்சி டி. ஷ்வார்ட்ஸ். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. குறுஞ்செய்தி மட்டும் வந்தது: 'ஞாயிறு மூன்று மணி. கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடை, ஜன்னலோர மேஜை. பச்சை ஜாக்கெட் போட்டிருப்பேன்.'

கால்பந்து ஆட்டம் நடக்கிற ஞாயிறன்று, ஊரே தன் அணியின் பச்சை நிறத்தில் திரியும் விஸ்கான்சினில் பச்சை ஜாக்கெட்டோடு வருகிறேன் என்று அடையாளம் சொல்வது, மூக்கோடு வருகிறேன் என்பதற்குச் சமம். ட்ரூடியே ஒன்று போட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவனும் போட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வந்துட்டீங்களா? ரொம்ப நன்றி."

"நான்தான் நன்றி சொல்லணும்."

விசாரணையின் முதல் பாடம்: நீ யார், யாருக்காக வந்திருக்கிறாய் என்று முதலில் சொல். நூறு முறை எழுதிப் பார்த்திருந்தாள். அந்தக் கண்கள் நிமிர்ந்தன... பாடம் பறந்துவிட்டது.

வெளியே பனி கலந்த மழை. கண்ணாடியில் துளிகள் வழிந்துகொண்டிருந்தன.

"அன்னிக்குக் காலைல நடந்ததை உங்க வார்த்தையில சொல்லுங்களேன்," என்றாள்.

"நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

"இல்ல, நீங்க முதல்ல..."

"பெண்களுக்குத்தானே முதல் மரியாதை?"

'நழுவுகிறான். கடைக்காரன் இவனை முன்னாலேயே பார்த்துப் பேசிவிட்டானோ?' ட்ரூடி சட்டென்று பேச்சை மாற்றினாள். சாட்சி கூச்சப்பட்டால் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல் என்பது இன்னொரு பாடம். பனியில் தானே இரண்டு முறை விழுந்த கதையைச் சொன்னாள். அவன் மூன்று முறை என்றான்.

"மூணாவது தடவை ஒரு சவ ஊர்வலத்துக்கு முன்னாடி. எல்லாரும் அழறதை நிறுத்திட்டுச் சிரிச்சாங்க."

"செத்தவரு?"

"அவர் மட்டும்தான் மரியாதையா நடந்துக்கிட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். உடனே தன்மேலேயே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "பத்து மணிக்கு அவங்க உப்பு போட்டதை நீங்க பார்த்தீங்க இல்லையா?"

ட்ரூடியின் பேனா நின்றது. பத்து மணி! ஹில்டா விழுந்ததே ஒன்பதுக்குத்தான்... அவள் குனிந்து எழுதினாள்: 3.12, 'பத்து மணிக்கு உப்பு' என்கிறான். ஆனால் ஒரு சாட்சி ஏன் கேள்வி கேட்கிறான்?

நோட்டில் 3.15 என்று குறித்துவிட்டு மௌனத்தைப் பிரயோகித்தாள். பேசாமல் ஏழு வரை எண்ணு, எதிராளி தாங்காமல் தானே கொட்டிவிடுவான் என்பது பாடம். எண்ணினாள். அவனும் பேசவில்லை. மறுபடி எண்ணினாள். அவன் அசையவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி... கஸ்டர்ட் உருகியது, மழை கண்ணாடியைத் தட்டியது, அவள் காது மடல் சூடானது. உலகத்தில் எத்தனையோ காதலர்கள் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். வாக்குமூலத்துக்காக உட்கார்ந்தவர்கள் இவர்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள்.

அரை மணி நேரம் இப்படியே பேச்சும் சிரிப்பும் வேவுமாகப் போன பிறகு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு கனத்த பெண்மணி திரும்பினாள். பச்சை ஜாக்கெட்.

"ரெண்டு பேரும் முடிச்சுட்டீங்களா? நான்தான் ஷ்வார்ட்ஸ். இருபத்தேழு வருஷமா அந்தத் தெருவுக்குத் தபால் போடறவ. ரெண்டு ஆபீஸும் உயிரை எடுத்துச்சு, ஒரே நேரத்துக்கு ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். ஜன்னல் மேஜையை நீங்க புடிச்சுட்டீங்க. சரி, வேடிக்கை பார்ப்போம்னு உட்கார்ந்துட்டேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க!"

ட்ரூடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "நீங்க... யாரு?" என்றாள் அவனிடம்.

அவன் முகம் சிவந்தது. "ஓவன். கடைக்காரங்க தரப்பு வக்கீலோட பாராலீகல்."

"நான் சாட்சி இல்லைன்னு தெரிஞ்சே உட்கார்ந்திருந்தீங்களா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அந்த ஒரு நொடியை அவள் மனதில் குறித்துக்கொண்டாள். குற்றவாளி!

"யாரு அனுப்பினாங்க, எதுக்குன்னு ஒழுங்கா சொல்றவங்ககிட்டதான் நான் பேசுவேன்," என்றாள் தபால்காரம்மா.

ட்ரூடி எழுந்து நின்றாள். "பிரெண்டர்காஸ்ட் ஆபீஸ்லேருந்து வரேன். ஹில்டா அம்மாவுக்காக. இதை முதல்லயே சொல்லி, இவர் யாருன்னும் கேட்டிருக்கணும், தப்பு பண்ணிட்டேன். இவர் வாயிலேருந்து வந்த ஒரு விஷயமும் என் நோட்டுல இருக்கு. அதை மறைக்க மாட்டேன், ஆபீஸ்ல அப்படியே சொல்லிடுவேன்."

"நானும் எங்க ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றான் ஓவன் மெதுவாக.

தபால்காரம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "உட்காருங்க. ஒரே தடவைதான் சொல்வேன். பத்து மணிக்குத்தான் உப்பு போட்டாங்க. அந்தம்மாவை ஆம்புலன்ஸ் கூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம்."

கையெழுத்து கிடைத்தது. வேலையும் நிலைத்தது. பிரெண்டர்காஸ்ட் நேர்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பது நிமிடம் தன்னுடைய நேர்மையைப் பற்றி. வழக்கு முடியும்வரை எதிர்த்தரப்பு ஆளோடு ஒரு வார்த்தை கூடாது என்று தடையும் போட்டார். அவசியமே இல்லை. 'சிரிக்க வைத்து வேவு பார்த்தவன்' என்று ட்ரூடி தானே தடை போட்டிருந்தாள். இருந்தாலும் ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கண்கள் வந்து நின்றன... என்ன மானங்கெட்ட மனசு இது!

ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மறுநாள் நீதிமன்றப் படியில் மழைக்கு ஒதுங்கி நின்றவளின் தலைக்கு மேல் ஒரு குடை விரிந்தது.

"இப்ப பேசலாமில்ல?" என்றான் ஓவன்.

"அன்னிக்கு நான் எல்லாத்தையும் வெளிப்படையாச் சொன்னேன். நான் கேட்ட ஒண்ணுக்கு நீங்க பதில் சொல்லல."

"தெரிஞ்சுதான் உட்கார்ந்திருந்தேன். மூணு பதினஞ்சுலேருந்து."

"எப்படி?"

"எந்தச் சாட்சியும் ஏழு வரைக்கும் எண்ண மாட்டாங்க. உங்க உதடு அசைஞ்சுது. எழுந்து போயிருக்கணும்... முடியல."

"அப்ப உப்பு விஷயம்?"

"அது முன்னாடியே வாய் தவறி வந்தது. அதுக்கு மூணு வாரம் பழைய கோப்பு அடுக்கவிட்டாங்க."

ட்ரூடி பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். உப்பு 3.12. மௌனம் 3.15. சரியாக இருந்தது. ஒருவேளை மனப்பாடம் செய்து வந்திருப்பானோ?

அவன் கோட்டுக்குள்ளிருந்து இரண்டு தாள்களை நீட்டினான். "என் வாக்குமூலம்."

வாக்குமூலம் எழுதுபவர்கள் பக்கத்துக்கு ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். கையெழுத்துப் போடுபவர் அதைத் திருத்தி இனிஷியல் போட்டால், முழுதும் படித்தார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ட்ரூடிக்கு அது தெரியும். பேனாவைத் திறந்தாள்.

முதல் பக்கம்: 'அவள் சிரிக்கும்போது வலது கன்னத்தில் குழி விழும்.' வலதை அடித்து இடது என்று எழுதி, இனிஷியல் போட்டாள்.

இரண்டாம் பக்கம்: 'நான் அவளைக் காதலிக்கிறேன். அவளுக்கு என்மேல் விருப்பம் இல்லை.'

"இதுல எது வேணும்னு விட்ட தப்பு?"

"நான் சொல்லக் கூடாது. சாட்சி வாயில பதிலைத் திணிக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்களே."

மழை குடையின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் 'இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 'உண்டு' என்று எழுதினாள். இனிஷியல் போட்டாள். தேதி போட்டாள். நேரமும் போட்டாள்.

"எனக்கு ஒரு நகல் வேணுமே..." என்றான் அவன்.

"நகல் தரேன். ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கும். உங்களை நான் இன்னும் முழுசா நம்பல."

"எப்ப நம்புவீங்க?"

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்த ட்ரூடி, அவன் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"விசாரணை நடக்குது."