மிதுனா கொண்டுவந்த மூன்று படங்கள்

மழை விட்ட பிற்பகலில் வெள்ளவத்தைக் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்து கிடந்தன. கதிரியக்க நிபுணர் டொக்டர் அருந்ததியின் அறைக்குள் மிதுனா மூன்று பெரிய உறைகளோடு வந்தாள். அவளுடைய தகப்பன் பொன்னம்பலம் வெளியே வாங்குப் பலகையிலேயே இருந்துவிட்டார்.

"அப்பா, அம்மா, நான். மூண்டு பேருக்கும் ஒரே நாள் எடுத்த நெஞ்சு ஸ்கேன், டொக்டர். இருபத்தோராம் ஆண்டு, ஓகஸ்ட் இருபது. எனக்குத்தான் முதல் காய்ச்சல், ஸ்கேனுக்கு நாலு நாளுக்கு முன்னம். அதில அம்மா தவறிப்போயிட்டா. வேலை செய்யிற பாங்கில இருந்து கொரோனாவை நான்தான் கொண்டுவந்தனான் எண்டு இரண்டு வருசமா எங்கட வீட்டுப் படலைக்குள்ள நான் கால் வைக்கேல்லை. உண்மை தெரியவேணும். படங்களை அப்பாதான் இண்டைக்குத் தந்தவர்."

ஸ்கேன் எடுக்கும் ஷெரோமி படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். கொட்டாஞ்சேனைக்காரி, வாய் சும்மா இராது. அந்த வருடம் பார்த்த நெஞ்சுப் படங்களில் படிந்திருந்த வெண்புகை இன்னும் அவள் நித்திரையில் வந்துபோகிறது.

"மிதுனாட படத்தில ஓரமெல்லாம் புகை. அம்மாட அதைவிடத் தடிப்பு. அப்பாவுக்குத்தான் கொஞ்சம். அப்ப அவருக்குக் கடைசியாத்தானே தொத்தியிருக்கும்?"

மிதுனாவின் முகம் வாடியது. ஷெரோமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அருந்ததி அவசரப்படவில்லை. "உமக்குக் காய்ச்சல் வர முதல் கிழமை வீட்டில என்ன விசேசம்?"

"எட்டாந்தேதி ஆடி அமாவாசை. அப்பாட விரதத்துக்கு அம்மா காத்தோட்டிக்காய் சமைச்சவா. அந்தக் கைப்புக்கு அப்பா வருசா வருசம் முகத்தைச் சுழிச்சுக்கொண்டுதான் விழுங்குவார். அந்தமுறை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அம்மாக்கு அவ்வளவு சந்தோசம்." கனவைச் சொல்வதுபோல் சொன்னாள்.

கடற்கரை ரயில் கடந்துபோகும்வரை அருந்ததி காத்திருந்தார்.

"ஷெரோமி, அலை ஏறேக்கையும் கரையில தண்ணி கொஞ்சம்தான், வத்தேக்கையும் கொஞ்சம்தான். நோயும் அப்பிடித்தான். அப்பாட படத்தில புகையை விட்டிட்டு அந்த மெல்லிய கோடுகளைப் பாரும். அது ஆறிக்கொண்டு வாற நெஞ்சு. கிட்டத்தட்ட இரண்டு கிழமை. மிதுனாட புகை புதுசு. படத்தை மட்டும் வைச்சு அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனால் காத்தோட்டிக்காய் கைக்காத நாக்கில ருசி எட்டாந்தேதியே போயிருக்கு. நோய் முதல் வந்தது உம்மட்ட இல்லை, மிதுனா."

வாசலில் பொன்னம்பலம் நின்றார். எப்போது எழுந்து வந்தாரோ.

"கைக்கேல்லை, பிள்ளை. அம்மா பதறக்கூடாது எண்டு, அதை மறைக்கத்தான் இரண்டாந்தரம் வாங்கினனான். வெறும் தடிமன், சளிதான் எண்டு நினைச்சன். பிறகு நீ உன்னையே குற்றம் சொல்லேக்கை எனக்கு வாய் வரேல்லை. அதுதான் படங்களைத் தந்தனான்."

இந்த மனிதரைத் திட்டுவதா, தேற்றுவதா என்று ஷெரோமிக்கு விளங்கவில்லை.

மிதுனா மூன்று படங்களையும் கழற்றி ஒரே உறைக்குள் வைத்தாள்.

"எங்கட வீட்டுச் சாவி வைச்சிருக்கிறீங்களோ, அப்பா?" என்றாள்.